மூடியில் பதினாலு வெட்டு

உத்திராபதியைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். தங்கமான மனுசன் என்று தொடங்கினால் பாதிதான் சொன்னதாகும். பதினொரு வருசம் அவனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. மிச்சப் பாதி அதுதான்.

எங்கள் ஊர் அரியலூருக்கும் உடையார்பாளையத்துக்கும் நடுவில் ஒரு டவுன் பஞ்சாயத்து. பேர் எதற்கு, விடுங்கள். நான் அங்கே சாக்கடை அள்ளுகிற ஆள். அறுபத்தாறில் சேர்ந்தேன். விடிந்ததும் மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாகக் கச்சேரித் தெருவில் தொடங்கி, பஜார் தெரு வழியாக, நான் குடியிருக்கிற மேட்டுத் தெருவில் முடிப்பேன். நான் வருவது தெரிந்தால் பெண்கள் முந்தானையை மூக்குக்கு இழுப்பார்கள். சாக்கடை நாறுகிறதா, நான் நாறுகிறேனா என்று கேட்கத் தோன்றும். கேட்டதில்லை.

அப்போது தண்ணீர் திறந்துவிடுகிறவர் பழனிவேல். அவர் கையில் ஒரு சாவி இருக்கும். பூட்டுச் சாவி இல்லை. மார் உயரத்துக்கு இரும்புக் கம்பி, தலையில் குறுக்குப் பிடி. தெருமுனையில் இருக்கிற குழியின் கல்மூடியைத் தள்ளி, சாவியை உள்ளே விட்டு வால்வைச் சுற்றினால் அந்தத் தெருவுக்குத் தண்ணீர் போகும். அதைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் நடந்தால் தெருவே குடத்தோடு எழுந்து நிற்கும். அவருக்குப் பிறகு அந்தச் சாவி எனக்குத்தான் என்று ஆறு வருசம் நம்பியிருந்தேன். என் வீட்டுக்காரி இருசம்மாளிடமும் சொல்லிவைத்திருந்தேன்.

எழுபத்திரண்டில் அவர் ஓய்வு பெற்றார். சாவி உத்திராபதிக்குப் போயிற்று. அவன் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. தா.பழூர்ப் பக்கத்து ஆள். அங்கே பல பேர் வயலுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவன். மேட்டு வயல் காயாமலும் பள்ளத்து வயல் அழுகாமலும் மடை திறந்து மடை அடைப்பதுதான் அவன் தொழில். எங்கள் தெருப் பொன்னாயியைக் கட்டிக்கொண்டு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்துசேர்ந்தான். "தண்ணி கட்டுன கை, இவனே பாக்கட்டும்" என்று அப்போதிருந்த அதிகாரி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். மண்வெட்டி பிடித்த கையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஒல்லியான ஆள். சத்தமாகப் பேச மாட்டான். வால்வைத் திறந்ததும் சாவியின் பிடியில் காதை வைத்துக்கொண்டு நிற்பான். ஒருநாள் எங்கள் தெருப் பெண்கள் எதிரிலேயே அவனைக் கிண்டினேன்.

"என்னடா, உள்ள யாரு பேசுறா?"

"தண்ணி எங்க வருதுன்னு கேக்குறேண்ணே."

"என்ன சொல்லுது?"

"வேம்பண்ணன் ஏன் எப்பப் பாத்தாலும் உர்ருன்னு இருக்காருன்னு கேக்குது."

குழாயடியில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். இருசம்மாளும் சிரித்தாள். அவள்தான் வெயில் நாளில் அவனைக் கூப்பிட்டு மோர் கொடுப்பவள். "வாங்கண்ணே, நின்னுகிட்டே போறீங்களே" என்று உபசாரம் வேறு. அவனுக்குப் பித்தளைச் சொம்பு. எனக்கு அலுமினியக் குவளை. கேட்டால், "நீங்க சாக்கடைக் கையோட தொடுவீங்க" என்பாள்.

கச்சேரித் தெருவில் ரத்தினம்மாள் வீட்டு வாசலிலும் அவன் நிற்பதை அடிக்கடி பார்ப்பேன். வீட்டுக்குள்ளேயே குழாய் வைத்திருக்கிற பெரிய வீடு. அந்த அம்மா கையை ஆட்டி ஆட்டி ஏதோ பேசும். இவன் தலையை ஆட்டுவான். அந்த வாசலில் என்னிடம் ஒருவரும் நின்று பேசியதில்லை.

எண்பத்து மூணு கோடையில் மழை இல்லை. பஞ்சாயத்துக் கிணறு அடிமட்டத்துக்குப் போய், ஊருக்குத் தண்ணீர் போகிற மேல்தொட்டியில் பாதிதான் ஏறியது. அந்தச் சமயத்தில் ஒருநாள் எங்கள் தெருமுனையில் சாக்கடை மண்ணை வாரி மேலே போடும்போது, வால்வுக் குழியின் மூடியில் மண்வெட்டி பட்டது. காய்ந்த சேறு பெயர்ந்து விழுந்தது. கல்லின் ஓரத்தில் உளியால் வெட்டின கோடுகள். எண்ணினேன். பதினாலு.

எங்கள் தெருவில் இருப்பது பதினாலு வீடு.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் பஜார் தெருவுக்குப் போய் மூடியைச் சுரண்டினேன். எட்டு வெட்டு. கச்சேரித் தெருவில் நாலு. எனக்கு எல்லாம் விளங்கிப் போயிற்று. எந்தத் தெருவில் எத்தனை வீடு தன்னைக் கவனிக்கிறது என்று வெட்டி வைத்திருக்கிறான். பெரிய வீட்டுக்காரர்கள் கையிறுக்கம், அதனால் நாலு. எங்கள் தெருவில் ஒரு வீடு பாக்கியில்லை. அந்தப் பதினாலில் ஒரு வெட்டு என் வீடு, அந்தப் பித்தளைச் சொம்பு. 

நேராக ஆபீசுக்குப் போனேன். புது அதிகாரி, வந்து இரண்டு மாதம்.

"சார், தண்ணி வுடுறவன் வூடு வூடா வாங்கித் திங்கிறான் சார். மூடியில கணக்கே வெட்டி வச்சிருக்கான்."

"யோவ், உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"கண்ணால பாத்தேன் சார்."

அவர் போய்ப் பார்த்தார். வெட்டு இருந்தது. ஏற்கெனவே கச்சேரித் தெருக்காரர்கள் தண்ணீர் போதவில்லை என்று மனுமேல் மனு போட்டிருந்தார்கள். எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு நிறுத்தினார். "விசாரிக்கிறேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் வேலையை மாத்திப் பாருங்க. சாவி உன்கிட்ட, மண்வெட்டி அவன்கிட்ட" என்றார். உத்திராபதி சாவியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. புதுத் துண்டு போட்டுக்கொண்டு, தோளில் சாவியோடு நடந்தேன். யாருக்கும் குறை வைக்கக் கூடாது என்று மூன்று வால்வையும் முட்டுகிற வரைக்கும் சுற்றினேன். கச்சேரித் தெருவில் ரத்தினம்மாள் வாசலுக்கே வந்துவிட்டது.

"அடேயப்பா, இன்னிக்குத்தான்ப்பா கொழாயில தண்ணி மாதிரி தண்ணி வருது. நில்லு, காப்பி குடிச்சுட்டுப் போ."

எவர்சில்வர் டம்ளரில் காப்பி. பதினேழு வருசத்தில் அந்த வாசலில் எனக்குக் கிடைத்த முதல் காப்பி. அது தொண்டையில் இறங்கும்போது உத்திராபதி பார்க்க மாட்டானா என்றிருந்தது.

மேட்டுத் தெருவுக்கு வந்தால் ஒரு கூட்டம். குழாய் புஸ்புஸ் என்று காற்றை ஊதியது. இருசம்மாள் குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"எங்க தண்ணி?"

"முழுசாத்தான் தொறந்திருக்கேன். வரும் இரு."

வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. வியாழக்கிழமை அவள் வரிசையில் நின்ற பெண்கள் எதிரிலேயே சொல்லிவிட்டாள்.

"பதினோரு வருசம் சாவி சாவின்னு பொலம்புனீங்களே, இதுக்குத்தானா? சோறாக்கத் தண்ணி இல்ல. அந்தச் சாவியையே வேக வச்சுப் போடவா?"

மேட்டிலிருந்து கீழே இறங்கிப் போனேன். கச்சேரித் தெருவில் உத்திராபதி சாக்கடையில் நின்றுகொண்டிருந்தான். என் சாக்கடை. நான் வருசக்கணக்காக மேலாக வழித்துவிட்டுப் போன அடிச் சேற்றை வெட்டி, சரிவு பார்த்து, நூல் பிடித்த மாதிரி ஆக்கியிருந்தான். அதற்கும் எனக்கு எரிந்தது. அந்தச் சாக்கடையில் தெளிந்த தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வீட்டுத் தொட்டியும் நிறைந்து வழிந்த குடிதண்ணீர்.

"அண்ணே, இது நம்ம தெருவுக்கு வர வேண்டிய தண்ணி" என்றான். "மூடியப் பாத்துத் தொறக்கலியா?"

"பாத்தேன். நீ வாங்கித் தின்ன கணக்குத்தான?"

என்னையே பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன்.

"சுத்துக் கணக்குண்ணே. இந்தத் தெரு பள்ளம். நாலு சுத்துக்கு மேல தொறந்தா தொட்டித் தண்ணி பூரா இங்கயே எறங்கிரும். பஜாருக்கு எட்டு. நம்ம தெரு மேடு, முழுசா பதினாலு. எனக்குக் காய்ச்சல் கீய்ச்சல் வந்தா மாத்தாளு திண்டாடக் கூடாதுல்ல. அதான் வெட்டி வச்சேன்."

"அந்த அம்மா உன்கிட்ட என்ன பேசும்?"

"நாலை அஞ்சாக்குடான்னு சண்ட போடும். பதினோரு வருசமா ஆக்கலியே, அந்தக் கோவம்."

அதிகாரியிடம் சொன்னது யார் என்று அவன் கேட்கவே இல்லை. குனிந்து மண்ணை வெட்டத் தொடங்கிவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் நாலு, எட்டு, பதினாலு என்று வெட்டை எண்ணித் திறந்தேன். மேட்டுத் தெருக் குழாய் கொட்டியது. பெண்கள் "வேம்பண்ணே, வேம்பண்ணே" என்றார்கள். இருசம்மாள் முதல் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்த முகமாக என்னிடம் வந்தாள்.

"இன்னிக்கு எப்புடிங்க வந்துச்சு?"

 அவன் வெட்டினதைப் பார்த்துத் திறந்தேன் என்று எப்படிச் சொல்வது?

பத்து மணிக்கு ஆபீசில் விசாரணை. உத்திராபதி காலில் சேறு காயாமல் வந்து நின்றான். நான் சாவியோடு நின்றேன். அதிகாரி அவனைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டார்.

"நாலு நாள் தொறந்தியே, அந்த வெட்டு என்ன கணக்குன்னு தெரிஞ்சுதா?"

தெரியாது என்றால் போதும். கச்சேரித் தெரு என் பக்கம். இனிமேல் மேட்டுத் தெருவும் என் பக்கம். சாவி எனக்கு. ஆனால் நாளைக்கும் அவன் எண்ணிக்கையில்தான் நான் சுற்ற வேண்டும், அதற்கு மறுநாளும் அப்படித்தான். சாகிற வரைக்கும் அவன் வெட்டின கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, வந்த பேரை நான் வாங்கிக்கொள்ள வேண்டும். இத்தனை வருசம் எரிந்தது போதாதென்று அது வேறா?

"சுத்துக் கணக்கு சார். பள்ளத் தெருவுக்குக் குறைச்சு, மேட்டுத் தெருவுக்கு முழுசா. நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

"தப்பாவா, வேணும்னேயா?"

"ரெண்டும் சார்."

அவர் வைத வசவை இங்கே எழுத மாட்டேன். சாவியை உத்திராபதியிடம் நானே நீட்டினேன். வாங்கிக்கொண்டு, "வாங்கண்ணே, டீ குடிப்போம்" என்றான். போகவில்லை.

இது நடந்து மூன்று வருசம் ஆகிறது. அவன் இன்னும் தினமும் காதைப் பிடியில் வைத்துக்கொண்டு நிற்கிறான். ரத்தினம்மாள் எனக்குக் காப்பி கொடுப்பதில்லை. அவன் ஒழுங்கு செய்த சாக்கடை அடுத்த தீபாவளி வரைக்கும் அடைத்துக்கொள்ளவில்லை. பிறகுதான் நானும் அவன் வைத்த சரிவிலேயே வெட்ட ஆரம்பித்தேன். மூடிகளில் சேறு ஏறினால் மண்வெட்டி முனையால் சுரண்டி வெட்டு தெரிகிற மாதிரி வைக்கிறேன். அவன் கேட்டுச் செய்யவில்லை. அவனிடம் சொல்லவும் இல்லை.

வெயில் ஏறினால் இருசம்மாள் இப்போதும் அவனைக் கூப்பிட்டு மோர் கொடுக்கிறாள், அதே பித்தளைச் சொம்பில். எனக்கு அலுமினியக் குவளை. போன மாதம் அது ஓட்டையாகிவிட்டது. புதுசு வாங்கினாள். அதுவும் அலுமினியம்தான்.