தண்ணீர் அசையும் நாள்

எங்கள் வீட்டில் மார்கழி அமாவாசையன்று காலை ஒன்பது மணியிலிருந்து பத்து மணி வரை யாரும் நடக்கக் கூடாது. ஃபேன் ஓடக் கூடாது, குக்கர் வைக்கக் கூடாது. தும்மல் வந்தால் எழுந்து ஓடவும் கூடாது, ஓடினால் தரை அதிரும். கூடத்தின் நடுவில் பித்தளைத் தாம்பாளத்தில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு, சுற்றி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்போம். தண்ணீர் தானாக அசைந்தால் கொள்ளுத்தாத்தா வந்துவிட்டார் என்று அர்த்தம். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. அவர் ஒரு வருடம்கூட வந்ததில்லை.

கொள்ளுத்தாத்தா கோலார் தங்கச் சுரங்கத்தில் பாறை வெட்டியவர். முதல் உலகப்போரில் வெள்ளைக்காரனுக்குத் துப்பாக்கி பிடிப்பவர்களைவிட மண்ணைக் குடைபவர்கள் அவசரமாகத் தேவைப்பட்டார்கள் போலிருக்கிறது. இரண்டு பக்கமும் பதுங்குகுழிகளில் உட்கார்ந்துகொண்டு ஓர் அடிகூட முன்னேற முடியாமல் போனபோது, நிலத்துக்கு அடியில் எதிரியின் காலடி வரைக்கும் சுரங்கம் தோண்டி, வெடிமருந்தை நிரப்பி, மேலே இருப்பவர்களை அப்படியே தூக்கிவிடுவது என்று ஆரம்பித்தார்களாம். எதிரி என்ன வாய் பார்த்துக்கொண்டிருப்பானா? அவனும் தோண்டினான். அப்படி ஒரு சுரங்கத்தில்தான் கொள்ளுத்தாத்தா மண்ணோடு போனார். உடம்பு கிடைக்கவில்லை. செத்த நாளும் தெரியாது. அதனால் சேதி வந்த மார்கழியின் அமாவாசையைத் திதியாக வைத்துக்கொண்டார்கள்.

அவரோடு போய்த் திரும்பிவந்த ஒருவர் எங்கள் கொள்ளுப்பாட்டியைத் தேடி வந்து, கடைசியாக அவரை எப்படிப் பார்த்தேன் என்று சொன்னாராம். பூமிக்கு அடியில் ஒரு பாத்திரத் தண்ணீரின் முன்னால் உட்கார்ந்து, அது எப்போது அசையும் என்று கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாராம் கொள்ளுத்தாத்தா. அவ்வளவுதான். அந்தம்மா அதற்குமேல் ஏதும் கேட்கவில்லை, அல்லது கேட்க முடியவில்லை. அது அசைந்தால் அவர் வருவார் என்று, அடுத்த வருடமே தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டாள்.

சின்ன வயதில் எனக்கு அந்த ஒரு மணி நேரம் மிகவும் பிடிக்கும். மார்கழியில் எங்கள் கண்டோன்மெண்ட் பக்கத்துச் சந்துகளில் ஒன்பது மணிக்கும் பனி விலகியிருக்காது. அல்சூர் ஏரிப் பக்கமிருந்து ஒரு ஈரவாடை வரும். ஜன்னல் வெளிச்சம் தாம்பாளத்தில் விழுந்து, தண்ணீர் எங்கே முடிகிறது, பித்தளை எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாமல் கிடக்கும். நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே இறங்கிவிடுவேன். மரப்பலகை அடித்த ஒரு சரிவு, ஈர மண், குனிந்து குனிந்து நடக்கிறேன், குளிரவே இல்லை. கடைசியில் ஒருவர் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார். அவருடைய ஒரு போட்டோகூட எங்களிடம் இல்லை, அதனால் என் கனவிலும் அவர் திரும்பியதில்லை. யாராவது என்னை இடுப்பில் கிள்ளி எழுப்புவார்கள். பெரும்பாலும் அண்ணன்தான்.

அண்ணன் என்னைவிட எட்டு வயது மூத்தவர். மாநில அரசாங்க ஆபீஸ் ஒன்றில் முப்பது வருடத்துக்கும் மேல் கோப்பு பார்த்து ரிட்டையர் ஆனவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா போன பிறகு தாம்பாளம் அவர் கைக்கு வந்தது, கூடவே சட்டதிட்டங்களும் வந்துசேர்ந்தன. லாரி போய்த் தண்ணீர் அசைந்தால் கணக்கில் வராது. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினால் வராது. ஒரு வருடம் மாமா வேண்டுமென்றே முழங்காலால் தரையைத் தட்டிவிட்டு, வந்துட்டாரு வந்துட்டாரு என்று கை கூப்பினார். அண்ணன் அவரோடு இரண்டு தீபாவளி பேசவில்லை. நாங்கள் சிரிப்போம். ஆனால் மற்றவர்கள் காலை நீட்டி எழுந்து போன பிறகும் அவர் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வராது. இந்த மனுஷனுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. சாவதற்குள் ஒரு தடவை அது அசைய வேண்டும். அவ்வளவுதான் அவருடைய ஆசை, அதை என்னிடம் வாய்விட்டே சொல்லியிருக்கிறார். போன வருடம் இருதயத்தில் ஒரு வால்வு சரியில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு இன்னும் அடிக்கடி சொன்னார்.

என் மகள் வேலை நிமித்தம் அயல்நாட்டில் இருக்கிறாள். அந்தப் பழைய போர்க்களம் அவள் ஊரிலிருந்து ரயிலில் சில மணி நேரம்தான் என்று தெரிந்ததும் அண்ணன் அவளை விடவில்லை. அக்டோபரில் ஒரு நாள் போய், அங்கிருந்தே வீடியோ காலில் வந்தாள். நான் ஏதோ முள்ளுக்காட்டை எதிர்பார்த்தேன். பச்சைப் புல்வெளி, ஆடு மேய்கிறது. வெடித்த இடமெல்லாம் பெரிய பெரிய கிண்ணங்களாகப் பள்ளம் விழுந்து, புல் மூடி, ஒன்றில் தண்ணீர் தேங்கி வாத்து நீந்துகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து சிவப்புக் காகிதப் பூ வைக்கிறார்கள். சுவர் சுவராகச் செத்தவர்களின் பெயர்கள். எங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயர் இருந்தது. ஆனால் அதே பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். ஊர் பெயர் கிடையாது, அப்பா பெயர் கிடையாது. எது நம்முடையவர் என்று அவளுக்குத் தெரியவில்லை, மூன்றையும் போட்டோ எடுத்து அனுப்பினாள். அண்ணன் மூன்றையும் பிரிண்ட் போட்டு, மூன்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார். மற்ற இரண்டு பேர் வீட்டுக்காரர்களுக்கும் சேர்த்து நாமே கும்பிட்டால் என்ன குறைந்துவிடும் என்றார்.

அன்று சாயங்காலம் மகள் என்னை மட்டும் தனியாக போனில் கூப்பிட்டாள். ஒரு சுரங்கத்தைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்களாம். தலைக்கு ஹெல்மெட் கொடுத்து உள்ளே கூட்டிப்போகிறார்கள். ஒரு திருப்பத்தில் தரையில் ஒரு தகர டின்னில் தண்ணீர் வைத்திருந்தது. இது எதற்கு என்று வழிகாட்டியிடம் கேட்டிருக்கிறாள். அவர் சொன்னது இதுதான்: தோண்டுகிறவர்களில் ஒருவன் வேலையை நிறுத்திவிட்டு அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பான். தண்ணீர் சும்மா இருந்தால் நிம்மதி. அசைந்தால், எதிரி பக்கத்தில் தோண்டிக்கொண்டு வருகிறான்.

நூறு வருடத்துக்கும் மேலாக, தலைமுறை தலைமுறையாக, பிள்ளைகுட்டிகளோடு உட்கார்ந்து எதை வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்? அந்த மனிதர் எது வந்துவிடக் கூடாது என்று பார்த்துக்கொண்டிருந்தாரோ அதை. சிரித்து மழுப்பிவிடும் சின்னத் தப்பா இது? அண்ணனிடம் சொல்லாதே என்று மகளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன்.

நவம்பர் கடைசியில் மெட்ரோ வேலையிலிருந்து ஓர் இளம் இன்ஜினியர் வந்தார். எங்கள் தெருவுக்கு அடியில் சுரங்கம் தோண்டும் மெஷின் வரப்போகிறது. பழைய வீடுகளில் இருப்பவர்கள் பத்து நாள் லாட்ஜில் தங்கிக்கொள்ள வேண்டும், ஏற்பாடெல்லாம் அவர்களே செய்வார்கள். பயப்பட ஒன்றுமில்லை, முன்னெச்சரிக்கைதான் என்றார். சுவரில் ஏற்கனவே இருந்த விரிசல் மேல் அது பெரிதாகிறதா என்று பார்க்க ஒரு சின்னக் கண்ணாடி அளவுகோலை ஒட்டிவிட்டு, தேதிகளைச் சொன்னார். அமாவாசை நட்டநடுவில் வந்தது.

அண்ணன் சுத்தமான கன்னடத்தில் முடியாது என்றார். அந்தப் பையன் பணிவாகத்தான் பேசினான். வருடத்தில் ஒரே நாள்தானே, தள்ளிவைக்க முடியாதா என்று அண்ணனைக் கேட்டான். அவரோ, உங்கள் மெஷினைத் தள்ளிவையுங்கள் என்றார். அவன் போன பிறகு நான் பிடித்துக்கொண்டேன். மருந்தை நினைவுபடுத்தினேன், வால்வை நினைவுபடுத்தினேன், எழுபது வருடத்துச் சுவரைக் காட்டினேன். நீ வேணும்னா போ என்றார் மூன்று தடவை. மூன்றாவது தடவை எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"நீ எதுக்கு உக்காந்திருக்கேன்னாவது தெரியுமா? தண்ணி அசைஞ்சா அவரு வரலண்ணா. அவரைக் கொல்றவன் வர்றான்னு அர்த்தம். காலங்காலமா நாம அவனைத்தான் கூப்பிட்டுக்கினு இருக்கோம்."

பிறகு முழுவதையும் சொன்னேன், தகர டின், வழிகாட்டி, எல்லாம். அவர் சுவரில் ஒட்டியிருந்த மூன்று பெயர்களையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தாம்பாளத்தை ஒரு பழைய வேட்டியில் சுற்றி, ஸ்டூல் போட்டு ஏறி, பரணில் வைத்தார். லாட்ஜுக்கு என்னைக்குப் போகணும் என்று கேட்டார்.

சண்டையில் ஜெயித்த சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. ஒரு மனிதனிடம் இருந்த ஒரே ஒன்றை, அதுவும் அவன் நல்லதுக்கு என்ற பெயரில், பிடுங்கிப் போட்டுவிட்டேன். அடுத்த வாரங்களில் அவர் என்னோடு பேசாமல் இருந்தார் என்று சொல்ல முடியாது. காபி நல்லா இருக்கு, பால்காரன் வரல, மாத்திரை போட்டேன். அப்படித்தான். கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு அழுகையாக வந்தது.

லாட்ஜில் அடுத்தடுத்த ரூம். வெள்ளை விரிப்பு, எந்நேரமும் கன்னட சீரியல் ஓடும் டிவி. அமாவாசையன்று காலை எனக்கு அந்தப் பழைய கனவு வந்தது. சரிவில் இறங்குகிறேன், ஆனால் தண்ணீரின் முன்னால் யாரும் இல்லை. எழுந்து போய் அண்ணனின் கதவைத் தட்டினேன். ரூம் பையன் சாவியைக் காட்டி, பெரியவர் எட்டு மணிக்கே ஆட்டோ பிடித்துப் போய்விட்டார் என்றான்.

எங்கள் சந்தின் முனையில் மஞ்சள் நாடா கட்டியிருந்தது. காவலாளி என்னைப் பார்த்ததுமே, மாத்திரை மறந்துட்டேன்னு ஐயா உள்ளே போனாரு, இன்னும் வரல என்றார். பனி விலகவில்லை. பூட்டிக் கிடந்த வீடுகளின் நடுவில் என் செருப்புச் சத்தம் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை.

அண்ணன் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் வலிக்காக எப்போதும் போடும் குட்டை ஸ்டூலைக்கூடப் போடாமல் வெறும் தரையில். எதிரில் தாம்பாளம், விளிம்பு வரை தண்ணீர். எனக்குக் கோபமும் பயமும் ஒன்றாக வந்தன. இவ்வளவு சொல்லியும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறாரே என்று நினைத்தேன். வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி, உட்கார் என்றார். உட்கார்ந்தேன். வேறென்ன செய்ய?

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஜன்னல் வெளிச்சம் தண்ணீருக்குள் இறங்கி, பித்தளையும் தண்ணீரும் ஒன்றாகிவிட்டன. முதலில் எனக்குத் தெரிந்தது சத்தம் இல்லை, உள்ளங்காலில் ஒரு கூச்சம். பிறகு தாம்பாளத்தின் நடுவிலிருந்து விளிம்புக்கு, மிக மெல்லியதாக, ஒன்றன்பின் ஒன்றாக வளையங்கள். நின்றன. மறுபடியும் வந்தன, இந்த முறை நிற்கவில்லை. பூமிக்கு அடியில் எதுவோ, நிதானமாக, எங்களை நோக்கித் தோண்டிக்கொண்டு வந்தது.

அண்ணன் கை கூப்பவில்லை. இரண்டு கையையும் தரையில் ஊன்றி, முகம் தண்ணீரைத் தொடும் அளவுக்குக் குனிந்தார். ஆபீஸில் வேலை பார்த்த நாளிலும் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்று அடித்தொண்டையிலிருந்து கூப்பிட்டார்.

"தாத்தா, கிட்ட வந்துட்டாங்க. எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு மேல ஏறி வந்துருங்க."

தண்ணீர் நடுங்கிக்கொண்டே இருந்தது. அவர் மறுபடி கூப்பிட்டார், மறுபடியும். மூச்சு வாங்கியது, விடவில்லை. நான் அவர் முதுகில் கை வைத்தேன். நிறுத்தச் சொல்லத்தான் குனிந்தேன். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"கூட இருக்கிறவங்களையும் எழுப்பி இட்டுக்கினு வாங்க தாத்தா," என்றேன்.