முழங்கை முங்கும் தண்ணீர்

ஹனூர் சாலையில் ஏறி நடக்கும்போது என் வலது சட்டைக்கை முழங்கைவரை நனைந்திருந்தது. பின்னால் குளத்தங்கரையிலிருந்து மேடம் கூப்பிட்டார். நான் திரும்பவில்லை.

சின்னக் குளங்களில் மீன் வளர்ப்பவர்களுக்கு, தண்ணீரைக் கெடுக்காமல் வளர்க்கும் முறையைச் சொல்லித்தர மைசூரிலிருந்து வருபவர் அவர். அவருக்குக் கன்னடம், கர்நாடக எல்லையோரத்து அந்த ஊர்க்காரர்களுக்குத் தமிழ். ஏழாவதோடு பள்ளியை விட்டு ஊர் சுற்றிய எனக்கு இரண்டும் தெரியும் என்பதால், அவர் பேச்சை எடுத்துச் சொல்லும் வேலை கிடைத்தது. அவர் கருவி எதுவும் கொண்டுவந்ததில்லை. சேலையைச் செருகிக்கொண்டு இறங்கி, முழங்கை முங்கக் கையை விட்டு உள்ளங்கையைப் பார்ப்பார். தெரிந்தால், மீன் தின்னும் பாசி வளர இன்னும் சாணம் போடலாம். அதற்கு முன்பே பச்சையில் மறைந்தால் நிறுத்த வேண்டும்.

“மீனுக்குக் கைரேகை பாக்கறாங்களாட்ட இருக்குதுங்க” என்றார் குளத்துக்கார அக்கா. நான் அதைக் கன்னடத்தில் சொன்னதும் மேடம் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. “ஆயுள் ரேகைதான் பார்க்கிறேன் என்று சொல்” என்றார்.

அன்று அக்காவின் குளத்தில் மணிக்கட்டு முங்குவதற்குள் கை மறைந்துவிட்டது. “பத்து நாளைக்கு ஒரு கூடை சாணம்கூடப் போடக் கூடாது” என்றார் மேடம். அக்காவோ அந்தப் பச்சையைப் பெருமையாகக் காட்டிக்கொண்டு நின்றார். அந்த மீனை நம்பித்தான் மஞ்சள் போட்ட நிலத்தைக் குளமாக வெட்டியிருந்தார். நான் தின்றுகொண்டிருந்தது அவர் வீட்டுக் களி. அவர் முகம் வாட வேண்டாமே என்று, “கொஞ்சம் கொறச்சுக்கச் சொல்றாங்கக்கா” என்றேன்.

மூன்று நாள் வெயிலே இல்லை. வெயில் இல்லாவிட்டால் அந்தப் பச்சையே தண்ணீரிலுள்ள காற்றைத் தீர்த்துவிடும். நான்காம் நாள் விடியும்போது கட்லா மீன்கள் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன. நானும் இறங்கி அள்ளினேன். “கொஞ்சந்தானுங்க போட்டேன்” என்று அக்கா அழுதார். தகவல் கேட்டு வந்திருந்த மேடத்திடம் அதை எடுத்துச் சொல்ல வேண்டியவன் நான். சொல்லவில்லை. “நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்” என்று அவர் தன்னையே நொந்துகொண்டார். அதையும் அக்காவிடம் சொல்லாமல் கரையேறினேன்.

அதன்பின் எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை. பட்டினி பழகிவிட்டது. தண்ணீரைக் கண்டால் சட்டைக்கையைச் சுருட்டுவது மட்டும் போகவில்லை. கன்னடத்தில் ஒரு பெண் சிரித்தால் இன்றும் திரும்பிப் பார்க்கிறேன். அன்று ஒருமுறை திரும்பியிருக்கலாம்.

அன்று அப்படி நடந்தவன் கொள்ளேகாலில் பஸ் மாறி மைசூர் வந்தேன். மறுநாள் காலை, வீடுகளில் தண்ணீர்த் தொட்டி கழுவும் ஒரு மேஸ்திரியிடம் சேர்ந்தேன். முதல் தொட்டியில் இறங்குமுன் முழங்கைவரை கையை விட்டேன். உள்ளங்கை ரேகையெல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

“என்னய்யா, ஜோசியமா பாக்கறே? இறங்கு” என்றார் மேஸ்திரி.

இறங்கினேன்.