குருணில் ஒன்பதாவது முறை திறக்காத இணைப்பு

போன வியாழக்கிழமை குருணுக்குப் போனது ஊர் சுற்ற அல்ல. அங்கே ஒரு தொழிற்சாலையில் போன மாதம் சுடுநீர்த் தொட்டி நிரம்பி வழிந்து, ஒரு அக்காவின் கால் வெந்துபோனது. தொட்டியைக் கவனித்த பெருமாள் அண்ணன் தூங்கிவிட்டார் என்று அன்று பதினொரு மணிக்கு விசாரணை. இருபத்திரண்டு வருட வேலை போய்விடும். அபாய மணியை அடிக்கவைக்கும் கணினிக்குப் புரோகிராம் எழுதியவன் நான். 'பிழை இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வா' என்றுதான் என் முதலாளி அனுப்பினார்.

பாக்கார் ஆராங்கில் 6.50க்குக் கிளம்பினேன். டோல் இல்லாத பழைய சாலை, 27 கிலோமீட்டர். பீடோங்கில் ரொட்டி சானாய், தேநீர், 4 வெள்ளி 20 காசு. பாதிதான் இறங்கியது. 7.50க்கு ஆலை வாசல்.

காலையில் வந்ததும் என்ன செய்வீர்கள் என்று அண்ணனைக் கேட்டேன். கணினியை மெயின் சுவிட்சிலேயே அணைத்து, துடைத்து, திருநீறு வைத்து, மறுபடி போடுவாராம். "ஓடுற மெஷினுக்குத் திருநீறு வைக்கக்கூடாது தம்பி."

கணினி இப்படிப் பட்டென்று அணைந்தால், தொட்டியை இயக்கும் பி.எல்.சி. கருவிக்கு அது தெரியாது. கணினியோடு இருந்த பழைய இணைப்பைப் பிடித்துக்கொண்டே இருக்கும். என் புரோகிராமோ அதை மூடாமல் புதிதாக ஒன்றைத் திறக்கும். கருவியில் மொத்தம் எட்டு இணைப்புக்குத்தான் இடம். ஞாயிறுதோறும் ஆலையை நிறுத்தும்போது எல்லாம் அழிந்துவிடுவதால் இரண்டு வருடம் என் பிழை வெளிப்படவில்லை. போன மாதம் ஓவர்டைம், ஞாயிறும் ஓடியது; எட்டு இடமும் நிறைந்துவிட்டது.

கருவியை நிறுத்தித் தொடங்கி, கணினியை அவர் வழக்கப்படியே அணைத்து அணைத்துப் போட்டேன். எட்டு முறை இணைந்தது. ஒன்பதாவது முறை இல்லை. தொட்டியில் நீர் நிரம்பினால் உயரும் மிதவையைக் கையால் தூக்கினேன். மணி அடிக்கவில்லை. திரையில் மட்டும் எல்லாம் பச்சை.

விசாரணையில் தவறு என்னுடையது என்று சொல்லி, அதற்குத்தான் கையெழுத்துப் போட்டேன். முதலாளி போனில் சொன்னதை இங்கே எழுத முடியாது.

வெளியே அண்ணன் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை.

"மணி அடிக்கவே இல்லதானே தம்பி?"

"அடிக்கலண்ணே."

"எல்லாரும் சொல்லச் சொல்ல, நாந்தான் கண்ணசந்துட்டேனோன்னு நம்பிட்டேன்லா. ஆஸ்பத்திரிக்குப் போயி, தூங்கிட்டேன் மன்னிச்சிரும்மான்னு கால் வெந்த அந்தப் பிள்ளைகிட்ட கேட்டுட்டேன்."

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: ஏழு மணிக்குள் கிளம்புங்கள், பிறகு லாரிகள் வந்துவிடும். பழைய இணைப்பை மூடிய பிறகே புதியதைத் திறவுங்கள். கணினியின் பிளக்கைப் பத்து முறையாவது பிடுங்கிப் பாருங்கள். கருவியை நாளெல்லாம் தொடுகிறவர் என்ன செய்கிறார் என்று முதலிலேயே கேளுங்கள். நான் கேட்கவில்லை.

அந்த அக்கா இப்போது பாடாங் செராயில் தங்கை வீட்டில் இருக்கிறார். என் வீட்டிலிருந்து 25 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை போகிறேன். அண்ணன் கேட்ட மன்னிப்பை நான்தான் கேட்டிருக்க வேண்டும்.