சீனி இல்லாத பச்சை உருண்டை

கல்யாணம் முடிந்த மறு வாரம் பெண் வீட்டார் பலகாரமும் பாத்திரமுமாக மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் அடுக்களையைப் பார்த்துவிட்டு வர வேண்டும். எங்கள் பக்கத்தில் இதற்கு அடுக்களை காணல் என்று பெயர். பெயர்தான் அப்படி. உண்மையில் அடுக்களையை யாரும் பார்ப்பதில்லை. நாம் கொண்டுபோன தட்டுகளை அவர்கள்தான் பார்ப்பார்கள். முந்திரிக்கொத்து உதிர்கிறதா, அச்சப்பத்தில் எண்ணெய் நிற்கிறதா என்று பார்த்து, அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பங்கு வைத்து, அவர்களுடைய அபிப்பிராயத்தையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். பிறகு எப்போதாவது மருமகளோடு சண்டை வரும்போது அந்த அபிப்பிராயம் வெளியே வரும்.

எங்கள் ஒரே மகள் அம்பூரிக்கு வாழ்க்கைப்பட்டுப் போன கொஞ்ச நாளில் வீடியோவில் அழைத்தாள்.

"அப்பா, அடுக்களை காணலுக்கு எண்ணெய்ப் பலகாரம் ஒண்ணும் வேண்டாம். நான் பருப்பு, பழம்ணு கொஞ்சம் சாதனம் ஆர்டர் போட்டிருக்கேன். வீட்டுக்கு வரும். அத அரச்சு உருட்டிக் கொண்டு வந்தா போதும். நான் இங்க மாமிகிட்ட பறஞ்சாச்சு, எனக்க வீட்டுலேருந்து சீனியே இல்லாத்த பலகாரம் வருதுண்ணு."

திருவனந்தபுரத்துக்கு ஐ.டி. வேலைக்குப் போன இடத்தில் அவளுக்கு இந்த இரண்டாவது ஞானஸ்நானம் நடந்தது. அதிலிருந்து பால் இல்லை, முட்டை இல்லை, மீன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து மீன்கறி இல்லாமல் சோறு தின்கிற பிள்ளையை எங்கள் சபையில் யாரும் கண்டதில்லை. போதகர் வீட்டுக்கு வந்து ஜெபம்கூடப் பண்ணிப் பார்த்தார். பலிக்கவில்லை. போகும்போது மீன்கறி மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

பார்சல் வந்தது. ஓட்ஸ், பாதாம், பேரீச்சம்பழம், உலர்ந்த கிரான்பெர்ரி, உலர்ந்த ப்ளூபெர்ரி. கூடவே உள்ளங்கையில் அடங்குகிற ஒரு டப்பாவில் பச்சைத் தேயிலைப் பொடி. நான் பாறசாலையில் வெகுகாலம் பெயின்ட் கடை நடத்தியவன். டப்பாவைத் திறந்ததும் சுண்ணாம்பில் கலக்கிற சாயப்பொடி ஞாபகம்தான் வந்தது. அதன் விலைக்கு நான் ஒரு அறை முழுக்கப் பச்சை அடித்துக் கொடுத்திருப்பேன்.

மனைவி முகர்ந்து பார்த்தாள்.

"காஞ்ச புல்லுக்க மணமாக்கும் வருது. இதக் கொண்டு போனா பேதிக்குள்ள மருந்துண்ணு நினைப்பாவ. நான் இதுல கை வைக்க மாட்டேன், கேட்டியளா?" என்று சொல்லிவிட்டு முந்திரிக்கொத்துக்குச் சிறுபயறு வறுக்கப் போய்விட்டாள்.

ஆகவே உருட்டுகிற பொறுப்பு எனக்கு வந்தது. மகள் ஒரு வீடியோவும் அனுப்பியிருந்தாள். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண், இதற்கு அடுப்பே வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள். நெருப்பைக் கண்டுபிடித்தவனுக்குக்கூட அவ்வளவு சந்தோஷம் இருந்திருக்காது. அவலும் தேங்காயும் கருப்பட்டியும் பிசைந்து தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போன ஊர் எங்களுடையது. அதற்கும் அடுப்பு வேண்டாம். ஆனால் அதை வறுமை என்று சொன்னோமே தவிர வீடியோ எடுக்கத் தோன்றவில்லை.

பாதாமும் ஓட்ஸும் மிக்சியில் பொடிந்தன. பேரீச்சம்பழத்தைப் போட்டதும் மிக்சி உறுமி நின்றது. கரண்டிக் காம்பால் கிளறி, மறுபடி ஓட்டி, ஒருவழியாக மாவாக்கினேன். பச்சைப் பொடியைத் தூவியதும் பளிச்சென்று ஓணத்துப் புல்வெளி மாதிரி இருந்தது. பழத்தோடு பிசைந்ததும் அது குளத்துப் பாசியின் நிறத்துக்கு மாறியது. பெர்ரிகள் சிவப்பும் கறுப்புமாக எட்டிப் பார்த்தன. கலவை கையோடு வந்ததே தவிர உருண்டையாகவில்லை. மகளை அழைத்து, ஒரு கரண்டி தேன் விடட்டுமா என்று கேட்டேன்.

"தேன் வீகன் இல்ல அப்பா. தேனீக்க உழைப்ப நாம சுரண்டக் கூடாது. கையில வெளிச்செண்ண தடவுங்க."

காலமெல்லாம் கடையில் கடன் சொல்லிவிட்டுப் போனவர்களில் ஒருவருக்காவது இந்த இரக்கம் வந்ததில்லை. தேனீயாகப் பிறந்திருக்கலாம்.

தேங்காயெண்ணெய் தடவியதும் உருண்டைகள் சொன்னபடி கேட்டன. தேங்காய்த் துருவலில் புரட்டி ஃபிரிட்ஜில் வைத்தேன். பதம் பார்க்கிறேன் பேர்வழி என்று ஒன்று தின்றேன். முதலில் கசந்தது. அப்புறம் இனித்தது. கசப்பு நிஜமா என்று உறுதி செய்ய இன்னொன்று. பிறகு காரணம் எதுவும் தேடவில்லை. எனக்கு சுகர் உண்டு. ஆனால் இதில்தான் சீனி இல்லையே.

மறுநாள் காலையில் விரலைக் குத்திப் பார்த்தேன். கருவி காட்டிய எண்ணைக் கண்டு எனக்கு வேர்த்துவிட்டது. மனைவி பார்ப்பதற்குள் அதை அணைத்துவிட்டு மகளை அழைத்தேன்.

"மக்களே, இது முழுக்க ஈத்தப்பழமாக்கும். எனக்கு ஒரேயடியா ஏறிப் போச்சு. உனக்க மாமி இன்சுலின் போடுதவங்க இல்லியா? சீனி இல்லைண்ணு சொல்லாத."

"அது நேச்சுரல் சுகர் அப்பா. நீங்க கவலப்படாதீங்க," என்று வைத்துவிட்டாள். இயற்கைச் சீனி என்பதை என் உடம்புக்கு யார் எடுத்துச் சொல்வது? அதற்கு இங்கிலீஷ் தெரியாது.

எங்கள் ஊரான செங்கலிலிருந்து வேனில் உறவுக்காரர்களோடு போனோம். அம்பூரியில், ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் இருந்த அந்த வீட்டின் மேசை மேல் தட்டுகளை வரிசையாக வைத்தார்கள். முந்திரிக்கொத்து, அச்சப்பம், முறுக்கு, கேக், கடைசியில் என் பச்சை உருண்டைகள். போட்டோக்காரன்கூட அந்தத் தட்டை விட்டுவிட்டுத்தான் எடுத்தான். மாப்பிள்ளையின் பெரியப்பா குனிந்து பார்த்து, "எலே, இது மருதாணியா?" என்றார். என் மனைவி வேறு வீட்டிலிருந்து வந்தவள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகள் முகம் வாடியது.

அப்போது மாப்பிள்ளை, "இதுல சீனி கிடையாதாக்கும். சுகர் உள்ளவங்க ஒக்க தின்னலாம்," என்று அறிவித்தார்.

அந்தக் கூடத்தில் சுகர் இல்லாதவர்களை எண்ணுவதுதான் சுலபம். பெரியப்பா முதல் கையை நீட்டினார். பிறகு ஆள் கூட்டத்தில் தட்டே தெரியவில்லை. கேக்கைத் தொடப் போனால் அலறுகிற பெண்டாட்டி பிள்ளைகள் எல்லாம், "தின்னுங்க, தின்னுங்க" என்று ஊக்கம் கொடுத்தார்கள். மகள் சிரித்துக்கொண்டே மாமியாருக்குத் தட்டை நீட்டினாள். அவர் ஒன்று எடுத்தார். தின்று முடித்து இன்னொன்று எடுத்தார்.

நான் வாயைத் திறந்தால், மகள் புகுந்த வீட்டில் சொன்ன முதல் வாக்கு எல்லார் முன்னாலும் பொய்யாகும். திறக்காவிட்டால் சம்பந்திக்கு சுகர் ஏறும். ஏதாவது ஆனால் அதுவும் அவள் தலையில்தான் விடியும். நான் அத்தனை தூரம் சொல்லியும் தட்டை நீட்டுகிறாளே என்று அவள் மேல் கோபம் கோபமாக வந்தது.

சம்பந்தி அடுக்களைக்குள் போனார். நானும் பின்னால் போனேன். எங்கள் கூட்டத்தில் அன்றைக்கு அடுக்களையை நிஜமாகவே கண்டவன் நான் ஒருவன்தான்.

"அக்கா, ஒரு காரியம் சொல்லணும். அதுல சீனி போடல்ல, உள்ளதுதான். ஆனா ஈத்தப்பழம் நெறய உண்டு. நான் தின்னு எனக்கு ஏறிப் போச்சு."

அவர் கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மெல்லப் பேசுங்க அண்ணே. ஈத்தப்பழம் இனிக்கும்ணு தெரியாத்தவளா நான்? நீங்க விளிச்ச உடனே உங்க மக வந்து எனக்க காதுல சொல்லியாச்சு. நான்தான், எனக்க பயலுவகிட்ட மட்டும் பறயாத மக்களேண்ணு கையப் பிடிச்சுக் கேட்டேன். சொந்த மகனுக்க கல்யாணக் கேக்கக்கூட அவனுவ எனக்க வாயில வைக்க விடல்ல. இவ ரெண்டு சம்மதிச்சா. அதுக்காகக் காலையிலயே எனக்க ரெண்டு இட்டிலியக் குறச்சாச்சு. மூணாவது கேட்டா தர மாட்டா, எமகாதகி."

கடைசி வார்த்தையை அவர் சொன்ன விதத்தில் அத்தனை பிரியம் இருந்தது. "நல்ல அடுக்களை" என்று மட்டும் சொன்னேன்.

கிளம்பும்போது மகள் வேன் வரைக்கும் வந்தாள். மாமியாரும் கூட வந்தார்.

"அப்பா, உண்மையச் சொல்லுங்க. வீட்டுல உருட்டும்போ எத்தன தின்னீங்க?"

"ரெண்டு," என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. மாமியாரைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முன்பெல்லாம் என் பொய்களுக்கு அவள் என்னைப் பார்த்துத்தான் சிரிப்பாள். இனி அந்த வீட்டில் அவளைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்று நிம்மதியாக இருந்தது. வேனில் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். அழுகை வந்தது.