கண்டக்டர் போட்ட சிலந்திப் படங்கள்

முதல்முறையாக என் கையில் அந்தப் பெரிய ஊசிகள் இரண்டையும் ஏற்றியபோது, எதிர்ச் சுவரிலிருந்த டிவியில் லாரி அளவு சிலந்தி ஒன்று கல்யாணப் பந்தலின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. கீழே வெள்ளைக்கார மணமக்கள் மோதிரம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். சிலந்தி ஒரு காலை மெதுவாக நீட்டி, மாப்பிள்ளையின் அப்பா வைத்திருந்த டோப்பாவை அலுங்காமல் தூக்கியது. யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்த அந்த மனிதர், திரும்பிக்கூடப் பார்க்காமல், "எவன்டா அவன்? மரியாதையா குடுத்துரு" என்று அசல் சென்னைத் தமிழில் அதட்டினார். என் ரத்தம் குழாய் வழியாக இயந்திரத்துக்குள் போவதைப் பார்த்து எனக்கு நாக்கு வறண்டிருந்த நேரம் அது. பக்கத்துக் கட்டிலிலிருந்து வெடிச்சிரிப்பு ஒன்று எழுந்தது. எரிச்சலோடு திரும்பினேன். கண்டக்டரை நான் முதலில் பார்த்தது அப்படித்தான்.

தருமபுரியில் ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் வார்டு அது. கம்பைநல்லூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்திக்கொண்டிருந்த எனக்கு, இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிவிட்டன என்று சொல்லியிருந்தார்கள். கிட்னியின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து பாகங்களைக் குறித்துக் காட்டியவள் நான். அந்தப் படிப்பால் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை. கண்டக்டர் பொம்மிடிக்காரர், பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஏறக்குறைய என் வயதுதான். எனக்கு முன்பே பல வருஷமாக அங்கே வந்துகொண்டிருந்தார். டாக்டர் முதல் துப்புரவு அம்மா வரை எல்லோருக்கும் அவர் கண்டக்டர்தான். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் "ரைட், போலாம்" என்று குரல் கொடுப்பார். சட்டைப்பையில் ஒரு பென் டிரைவ் எப்போதும் இருக்கும். அது முழுக்கத் தமிழில் டப்பிங் செய்த சிலந்திப் படங்கள். வேறு எதுவும் கிடையாது.

"நியூஸ் வைக்கலாமே" என்று அன்று கேட்டேன்.

"வேண்டாங்க டீச்சர். நியூஸ் பாத்தா நம்ம பிரஷர் ஏறும். இதப் பாத்தா படத்துல இருக்கறவனுங்க பிரஷர்தான் ஏறும்" என்றார்.

ஒரு மாதம்போல நான் அந்தப் படங்களைப் பார்க்க மறுத்தேன். பிறகு பார்த்தேன், திருத்துவதற்காக. சிலந்தி பூச்சியே அல்ல, அது வேறு வகுப்பு என்பேன். இவ்வளவு பெரிதானால் அந்தக் கால்கள் உடலைத் தாங்காது, மூச்சுவிடவும் முடியாது என்பேன். "பாவம், அதுக்கும் நம்மள மாதிரி மூச்சு வாங்குதா?" என்பார் அவர். வார்டே சிரிக்கும். கொல்லும் சிலந்தியை வைத்து ஏன் சிரிக்க வேண்டும் என்று ஒருமுறை நிஜமாகவே கேட்டேன். பேய்ப் படம் பார்த்தால் வீட்டுக்குப் போன பிறகும் பயம் கூடவே வருகிறது, வெறும் காமெடிப் படத்துக்குத் தனக்குச் சிரிப்பே வருவதில்லை என்றார். "பயந்துகிட்டு இருக்கறப்பவே ஒரு சிரிப்பு வருது பாருங்க, அதுதாங்க சிரிப்பு. மத்ததெல்லாம் சும்மா பல்லக் காட்றது." அதற்குமேல் அவருக்கு விளக்கத் தெரியவில்லை. அந்த விடையைவிட நல்ல விடை இன்றுவரை எனக்கும் கிடைக்கவில்லை.

வார்டில் அவர் ஒரு விளையாட்டையும் தொடங்கி வைத்திருந்தார். படம் ஆரம்பித்ததும் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். யாருடைய ஆள் கடைசிவரை பிழைக்கிறாரோ அவர் அடுத்த படத்தைத் தேர்ந்தெடுக்கலாம். கண்டக்டர் வேண்டுமென்றே முதலில் சாகப்போகிற ஆளைத்தான் எடுப்பார். "அங்க போகாதடா, அங்கதான் இருக்குது" என்று கத்துவார். அவன் போவான். "டிக்கெட் எடுத்துட்டான்" என்று தலையில் கைவைத்துக்கொள்வார்.

ஒருநாள் பாலக்கோட்டு தக்காளி வியாபாரி ஒருவரின் கட்டில் காலியாக இருந்தது. முந்தின இரவு வீட்டிலேயே இறந்துவிட்டார் என்று நர்ஸ் சொன்னார். கண்டக்டர் வழக்கம்போலப் பென் டிரைவை எடுத்து நர்ஸிடம் நீட்டினார். எனக்குக் கோபம் பொங்கியது. "இன்னைக்குமா?" என்றேன்.

"இன்னைக்குத்தாங்க டீச்சர்" என்றார். குரலில் சிரிப்பு இல்லை. படம் ஓடியது. தேன் ஜாடிக்குள் மாட்டிய காலை உதற முடியாமல் ஒரு சிலந்தி கடையையே கவிழ்த்தபோது, முதலில் ஒருவர், பிறகு இன்னொருவர் என்று சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே நானும் சிரித்தேன். செத்தவரை நாங்கள் மறந்துவிடவில்லை. அடுத்த முறையும் அங்கே வந்து படுக்க எங்களுக்குத் தெம்பு வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

என் கணவர் எனக்குக் கிட்னி தருவதாக இருந்தார். எல்லாப் பரிசோதனையும் முடிகிற நேரத்தில் அவருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்து, டாக்டர் வேண்டாமென்று சொல்லிவிட்டார். அன்றோடு எனக்குள் ஏதோ அறுந்துபோனது. அடுத்த டயாலிசிஸுக்குப் போகவில்லை. காய்ச்சல் என்றேன். அதற்கடுத்த முறை பொய்யும் சொல்லவில்லை. "இனிமே நான் போகல, என்னை விட்டுடுங்க" என்றேன். என் கணவர் கெஞ்சினார், சத்தம் போட்டார், பிறகு சமையலறையில் போய் நின்றுகொண்டார். கால்கள் வீங்கியிருந்தன. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது.

"டீச்சர், கண்டக்டர் பேசறேன். எங்க இருக்கீங்க?"

"வீட்லதாங்க. நான் இனிமே வரல."

"அது உங்க இஷ்டம். ஆனா போன வாரம் ஆரம்பிச்ச ரயில் படம் பாதியில நிக்குதுங்க. உங்க ஆளு, அந்தக் கண்ணாடி போட்ட சமையக்கார அம்மா, பாத்ரூமுக்குள்ள மாட்டிக்கிட்டு நிக்குது. வெளிய சிலந்தி. நீங்க வராம எப்படிப் போடறது?"

"நீங்க போட்டுப் பாருங்கண்ணா."

"போன வாட்டியும் போடல. இன்னைக்கும் எல்லாரும் அந்தச் சிலந்தி மூஞ்சியவே பாத்துகிட்டுப் படுத்துருக்கோம். நர்ஸம்மா திட்டுது. வந்து அந்தம்மாவ வெளிய கூட்டிட்டு வந்துட்டுப் போயிருங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மூச்சு வாங்கியதில் இரண்டும் சரியாக வரவில்லை. சமையலறையிலிருந்து ஓடிவந்த கணவரிடம், "காரைக் கூப்பிடுங்க" என்றேன். வார்டுக்குள் போனபோது டிவியில் சிலந்தி அசையாமல் நின்றுகொண்டிருந்தது. கட்டில்களில் கிடந்த ஐந்தாறு பேரும் என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள், ஊசி இல்லாத கையால் தொடையில் தட்டி. சமையல்கார அம்மா வாணலியால் சிலந்தியை அடித்துவிட்டு வெளியே வந்தாள். பிழைத்தாள். நானும்தான். நுரையீரலில் தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது, இன்னும் ஒருநாள் தாமதித்திருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது என்று டாக்டர் பிறகு சொன்னார்.

அதன்பின் நான் ஒருமுறைகூடத் தவறவில்லை. ஓசூரிலிருந்த என் அக்கா, வீட்டில் யாருக்கும் சொல்லாமல் பரிசோதனை செய்துகொண்டு வந்து, "என்னுது பொருந்துதாம்டி" என்று நின்றாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுபடி பள்ளிக்குப் போகிறேன், வேண்டியமட்டும் தண்ணீர் குடிக்கிறேன். ஒரு டம்ளர் தண்ணீரை முழுசாகக் குடிப்பது எப்பேர்ப்பட்ட சுகம் என்பது தண்ணீரை அளந்து குடித்துக்கொண்டு அந்த வார்டில் படுத்தவர்களுக்குத்தான் தெரியும். கண்டக்டருக்குக் கொடுக்க ஆள் அமையவில்லை. மூளைச்சாவு அடைந்தவர்களின் கிட்னிக்காகப் பதிந்துவிட்டுக் காத்திருந்தார். நான் பார்க்கப் போகும்போதெல்லாம், "டீச்சர் வந்துட்டாங்க, தப்புத் தப்பா ஏதாவது போடுங்கப்பா" என்பார். போன தை மாதம் அவர் இதயம் நின்றுவிட்டது.

காரியத்துக்குப் பொம்மிடிக்குப் போனேன். ரயில்பாதையை ஒட்டிய சின்ன ஓட்டு வீடு. அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். என்ன பேசுவதென்று தெரியாமல், அவர் போட்ட சிலந்திப் படங்களைப் பற்றிச் சொன்னேன். அந்த அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"சிலந்திப் படமா? இவரா?" என்றார். "வூட்டுல சுண்டுவிரல் அளவு ஒண்ணு தெரிஞ்சாப் போதுங்க, கட்டில் மேல ஏறி நின்னுகிட்டு என்னையக் கூப்புடுவாரு. நான் வெளக்கமாறு எடுத்தாந்து தள்ளி விடற மட்டும் எறங்கமாட்டாரு."

அந்த வெடிச்சிரிப்புக்காரர், லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கட்டில்மேல் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். சிரிப்பை அடக்கப் பார்த்தேன். அந்த அம்மாவுக்கும் உதடு துடித்தது. முதலில் அவர்தான் சிரித்தார். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணீர் ஒழுக இருவரும் சிரித்தோம். துக்கத்துக்கு வந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.