பதிவிருத்தல்

நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுப்பவள். ‘பதிவிருத்தல்’ என்ற சொல்லுக்கு வருஷக்கணக்காக ஒரே விளக்கம்தான் சொல்லிவந்தேன்: மறைந்திருந்து, எதிர்பாராத நேரத்தில் பாய்ந்து தாக்குவது. பதிதல் என்றால் தாழ்தல், அழுந்துதல். உடம்பைத் தரையோடு அழுத்திக்கொண்டு காத்திருப்பதால் அந்தப் பெயர். அன்று படைவீரர்கள் பதிவிருந்தார்கள். இன்று செய்தித்தாளில் ‘பதுங்கியிருந்து தாக்கினர்’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். குலசேகரம் பக்கம் எங்கள் மலையாளம் கலந்த வாயில் அது ‘பதியிருக்கு’ என்று வரும். பெரும்பாலும் மீன்சட்டியைக் குறிவைத்த பூனையைத்தான் அப்படிச் சொல்வோம்.

போன மழைக்காலம் முடிந்ததும் பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் ஆடுகள் காணாமல் போயின. புலி என்றார்கள். வனத்துறையிலிருந்து வந்தவர் சிறுத்தை என்று திருத்தினார். பேரை மாற்றினால் பல் உதிர்ந்துவிடுமா என்ன? அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் எனக்குள் தங்கிவிட்டது. நிமிர்ந்து நிற்கிற ஆளிடம் அது அநேகமாக வராதாம். குனிந்திருக்கிற ஆளை ஆடு என்று நினைத்துவிடுமாம்.

என் வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டுகிறவர். பால் வடிய மரத்தில் போடுகிற வெட்டு வருஷத்துக்கு வருஷம் கீழே இறங்கும்; எங்கள் மரங்களில் அது முழங்காலுக்குக் கீழே வந்துவிட்டது. குனியாமல் ஒரு மரத்தைக்கூடச் சீவ முடியாது.

“போவாண்டாம்” என்றேன்.

“வெட்டாம பின்ன எப்பிடிக் கழியும்? விடிஞ்ச பெறவு போறேன், போருமா?”

“அப்பம் நானும் வாறேன்.”

“நீ வந்து என்னத்தச் செய்வ? புலிக்கு இலக்கணம் எடுப்பியா?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் தகரத்தட்டும் கம்புமாகக் கூடவே போனேன். எங்கள் நாயும் வாலாட்டிக்கொண்டு பின்னால் வந்தது.

வெயில் இன்னும் மரங்களுக்குள் இறங்கவில்லை. சருகெல்லாம் நனைந்து கிடந்தது. யார் நடந்தாலும் சத்தம் கேட்காது. அவர் குனியும்போதெல்லாம் நான் பின்னால் நின்று அவர் முதுகையும் அதற்கு அப்பால் இருந்த புதரையும் மாறிமாறிப் பார்த்தேன். தகரத்தைத் தட்டத் தயாராகக் கம்பை ஓங்கியே வைத்திருந்தேன். வாய்க்குள் ஜெபம் ஓடியது, பாதி வார்த்தை வரவில்லை. சீக்கிரம் நிமிருங்களேன் என்று ஒவ்வொரு மரத்திலும் மனசு அடித்துக்கொண்டது.

கடைசி வரிசையில் அவர் நிமிர்ந்து திரும்பினார். “நாய் எங்கட்டி?”

திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் நாலைந்து அடியில், நாய் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பின்பக்கத்துப் புதர்வரைக்கும் சருகு இழுபட்டுக் கிடந்தது. கொஞ்சம் ரத்தம். ஒரு குரைப்புகூட என் காதில் விழவில்லை.

அவர் சருகைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பால் வெட்டும் கத்தி கையிலிருந்து நழுவியது.

“புலி ஒனக்க பொறத்தாலயல்லவா வந்திருக்கு” என்றார்.

எனக்கும் அந்தப் புதருக்கும் நடுவில் நாய்தான் இருந்திருக்கிறது. வீடு வந்து சேரும்வரை அவர் என்னை முன்னால் நடக்கவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தார்.