அக்கா எடுத்த முடிவு

எங்கள் அக்கா பிரிந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், அவர் வாழ்ந்த வாழ்வைத் தம்பியாகிய நான் எழுதி உங்கள் கைகளில் தருகிறேன். பெருமையோடுதான் எழுதுகிறேன்.

நிலக்கோட்டை அருகே மல்லிகை விவசாயி வீட்டில் மூத்த மகளாகப் பிறந்தார் அக்கா. விடியலில் பூப்பறித்து வேனில் ஏற்றிவிட்டு, பள்ளிப் பேருந்தைப் பிடிக்க ஓடுவார். ஓட்டத்தில் வாங்கிய பரிசுகள் அவரைத் திண்டுக்கல் பள்ளி ஒன்றில் விளையாட்டு ஆசிரியை ஆக்கின.

மணமான இரண்டாம் ஆண்டில், வயிற்று வலிக்காக மதுரைக்குச் சென்றபோது சினைப்பையில் புற்றுநோய் என்றார்கள். நோய் ஒரு பக்கத்தோடு நிற்பதால் அதை மட்டும் எடுத்துவிட்டு, கர்ப்பப்பையையும் மறுபக்கத்தையும் விட்டுவைக்கலாம்; பிள்ளை பெறலாம். ஆனால் திரும்பவும் வரக்கூடும் என்று மருத்துவர் அம்மையார் விளக்கினார்.

"எல்லாத்தையும் எடுத்துருங்கம்மா, எம் புள்ள பொழச்சாப் போதும்" என்று எங்கள் அம்மா அழுதார்.

அக்கா தம் கணவரைப் பார்த்தார். "ஒன் ஒடம்பு. நீ சொல்றதுதான்" என்றார் மாமா.

"அப்ப மத்தது இருக்கட்டும் டாக்டர். வந்தா வரட்டும், பாத்துக்கிருவோம்."

அதிலிருந்து மூன்றாம் ஆண்டில் மகள் பிறந்தாள். "காலப் பாருடா, எம்புட்டு நீளம்!" என்று என்னிடம் காட்டிச் சிரித்தார்.

அவளுக்கு ஏழு வயதானபோது நோய் திரும்பியது. இம்முறை மிச்சமிருந்த அனைத்தையும் எடுத்தார்கள். கீமோவில் முடி உதிர்ந்தது. நலம் விசாரிக்க வந்த உறவினர் ஒருவர், "அன்னைக்கே எல்லாத்தையும் எடுத்திருந்தா இம்புட்டுக் கஷ்டம் வந்திருக்குமா? புள்ள ஆசை" என்றார். அது மகள் காதில் விழுந்தது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்துவிட்டு, "என்னாலதானம்மா?" என்று கேட்டாள்.

அடுத்த பரிசோதனைக்கு அவளையும் அழைத்துக்கொண்டு சென்றார் அக்கா. நானும் உடனிருந்தேன். "இவளுக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க டாக்டர்" என்றார்.

மருத்துவர் குழந்தையை எதிரே உட்காரவைத்தார். "எல்லாத்தையும் எடுத்தவங்களுக்கும் இது திரும்பி வந்திருக்கு. எடுக்காதவங்களும் நல்லா இருக்காங்க. அம்மாவுக்கு ஏன் வந்துச்சுன்னு எனக்கே தெரியாது. ஆனா உன்னால வரல. அது நிச்சயமாத் தெரியும்."

வெளியே வந்ததும், "கேட்டியா? இன்னொரு தடவ கேட்டாலும் ஒங்கம்மா இதேதான் சொல்லுவா" என்றார் அக்கா. அன்று சாப்பாட்டுக் கடையில் மகள் மறுசோறு கேட்டாள்.

அதன்பின் நான்கு ஆண்டுகள் வாழ்ந்தார். மொட்டைத் தலையில் தொப்பியோடு மைதானத்தில் நின்று பயிற்சி தந்து, கோ-கோ அணிக்கு மாவட்டக் கோப்பையை வாங்கித் தந்தார். மூன்றாம் முறை வந்த நோய்க்கு மருந்துகள் பலனளிக்கவில்லை. கடைசி மாதத்தில் மகளின் ஓட்டப்பந்தயத்தைச் சக்கர நாற்காலியில் வந்து பார்த்தார். அவள் நான்காவதாக வந்தாள். "ஏலே, நிக்காம ஓடி முடிச்சுட்டா பாத்தியா!" என்று என் கையைக் கிள்ளினார்.

மருத்துவருக்கும் செவிலியருக்கும், கீமோ நாட்களில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த பக்கத்து வீட்டு பாய் குடும்பத்தாருக்கும், அக்காவின் வகுப்புகளைப் பகிர்ந்துகொண்ட ஆசிரியர்களுக்கும், ஒருநாளும் முகம் சுளிக்காத மாமாவுக்கும் எங்கள் நன்றி.

உறவுகளிடம் ஒரே வேண்டுகோள். எங்கள் வீட்டுக்கு வரும்போது அக்கா மகளைப் பாவம் என்று பார்க்காதீர்கள். அவள், எங்கள் அக்கா வேண்டுமென்று கேட்டு, ஜெயித்துப் பெற்ற பிள்ளை.